கால் சுற்று சுற்றி நின்ற விசிறி

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், எங்கள் ஊரில் எல்லாரும் கிராணி ஐயா என்றே அழைக்கும் பெரியவர் ஒருவர், பேரனின் காரில் ஒரு பழைய கணினியைக் கொண்டுவந்து என் வீட்டு முன்புற அஞ்சடியில் இறக்கி வைத்தார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலுவலகக் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர் அவர். ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட காலத்திலும், தொழிலாளர்களின் வருகையையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் புத்தகம் அவர் கையில்தான் இருந்தது. 1980களின் இறுதியில் அந்தப் புத்தகத்தின் வேலையைச் செய்ய இந்தக் கணினி வந்ததாம். தோட்டம் கைமாறி, பழைய அலுவலகத்தை மூடியபோது, தூக்கி எறியக் கிடந்த இதை அவர் கேட்டு வாங்கி, ஸ்டோர் அறையில் சாக்குப் போட்டு மூடி, இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்திருக்கிறார்.

“இடி விழுந்ததில்தான் போயிருக்கும் தம்பி. சுவிட்சைப் போட்டால் விசிறி லேசாக அசைகிறது, அதோடு பேச்சு மூச்சு இல்லை” என்றார்.

“எத்தனை தடவை போட்டுப் பார்த்தீர்கள் ஐயா?”

“ஒரு பத்துத் தடவை இருக்கும்.”

பழைய இயந்திரம் எதுவாக இருந்தாலும், பல ஆண்டுகள் கழித்து எடுத்தவுடன் மின்சாரம் கொடுக்கக் கூடாது. வராவிட்டால் திரும்பத் திரும்பச் சுவிட்சைப் போடுவது அதைவிடக் கெடுதல். எண்ணெய்ப்பனை ஆலை ஒன்றில் மின் பராமரிப்பு வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்தவன் நான். அங்கே மோட்டார் ஒன்று டிரிப் ஆகி, அதாவது கோளாறைக் கண்டு தானாக நின்றுவிட்டால், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மறுபடி ஓட்டுபவரை யாரும் அருகில் விடமாட்டோம். வீட்டுக் கணினிக்கும் அதே மரியாதையைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெட்டியின் முகப்பில் பெயர் எதுவும் மிஞ்சவில்லை. உள்ளே பார்த்ததும் அது ஐபிஎம் நிறுவனம் 1983இல் வெளியிட்ட எக்ஸ்டி கணினியின் அமைப்பைப் பின்பற்றித் தைவானில் செய்த நகல் என்பது தெரிந்தது. சில்லுகளின் முதுகில் அச்சிட்டிருந்த நான்கு இலக்க எண்களில் பெரும்பாலானவை 87இல் தொடங்கின. 8741 என்றால் 1987ஆம் ஆண்டின் 41ஆவது வாரத்தில் செய்த சில்லு என்று பொருள். ஆக, அவர் சொன்ன காலக்கணக்கு சரியாகவே இருந்தது.

விசிறி கால் சுற்று சுற்றி நிற்கிறது என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் தடயம். அந்த விசிறி 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. அது அசைகிறது என்றால், மின்வழங்கிப் பெட்டி, அதாவது நாம் பவர் சப்ளை என்று சொல்லும் அந்தத் தகரப் பெட்டி, ஒரு நொடியின் சிறு பகுதிக்காவது 12 வோல்ட்டை வெளியே தருகிறது; பிறகு ஏதோ ஒன்றைக் கண்டு தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. உண்மையிலேயே செத்துப்போன பெட்டிக்கு அந்த ஒரு அசைவும் இருக்காது. பேரன் ஏற்கெனவே யாரிடமோ விசாரித்திருக்கிறார். புதுக் கணினியின் மின்வழங்கியை வாங்கி மாட்டிவிடலாம் என்று யோசனை சொன்னார்களாம். அதைச் செய்யாமல் விட்டது நல்லதாயிற்று. இன்றைய மின்வழங்கி 12 வோல்ட் தடத்தில், அதாவது அந்த மின்சாரம் போகும் வழியில், இருபது ஆம்பியருக்கும் மேல் தரும் வலிமை உள்ளது. கணினியின் பாகங்களெல்லாம் வந்து சேரும் தாய்ப்பலகையில் (மதர்போர்ட்) அரைகுறையாகக் குறுக்குப்பட்ட, அதாவது ஷார்ட் ஆன உறுப்பு ஒன்று இருந்தால், பழைய பெட்டி பயந்து நிற்கும் இடத்தில், புதியது தயங்காமல் மின்சாரத்தைத் தள்ளிச் செம்புத் தடத்தையே எரித்துவிடக்கூடும்.

இடியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கிந்தா பள்ளத்தாக்குப் பக்கம் மாலை இடிக்குப் பஞ்சமில்லை. தொலைக்காட்சியும் மோடமும் அதில் போவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் இதில் அந்த அடையாளம் எதுவும் இல்லை. மூன்று முனைப் பிளக்கின் உள்ளே இருந்த பியூஸ் நன்றாக இருந்தது. மின்வழங்கியைத் திறந்தபோது அதன் கண்ணாடிப் பியூசும் கறுக்காமல் இருந்தது. மின்னல் வந்த வழியில் இவை இரண்டும் இப்படித் தப்பியிருப்பது அரிது.

திறப்பதற்கு முன் பின்பக்கத்துச் சிறிய சிவப்புச் சுவிட்சைப் பார்த்தேன். அது 230 என்ற பக்கத்தில் இருந்தது. அது 115 பக்கத்தில் இருந்து, நம் நாட்டு மின்சாரத்தைக் கொடுத்தால், உள்ளே மின்னழுத்தம் இரட்டிப்பாகி, 200 வோல்ட் தாங்கும் இரண்டு பெரிய மின்தேக்கிகளும், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர்களும், வெடித்துவிடும். சரியான பக்கத்தில் இருந்தாலும், ஓடும்போது அவற்றில் சேர்ந்து நிற்பது ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரம் (டிசி). பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கும். ஆகவே பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் விட்டு, மல்டிமீட்டரால் அளந்து, இரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை என் கண்ணால் பார்த்த பிறகே கையை உள்ளே விட்டேன். இந்த வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். மற்றதையெல்லாம் நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம், இதில் தவறுக்கு இடமில்லை.

உள்ளே தூசியும் பல்லி முட்டை ஓடுகளும் இருந்தன. மின்சாரம் நுழையும் வாயிலில், பாகு நிறத்தில் ஒளி ஊடுருவும் உறையோடு ஒரு காகித மின்தேக்கி. அதன் உறை முழுவதும், தண்ணீர் வற்றிய குட்டையின் சேறு வெடித்ததைப் போல மெல்லிய விரிசல்கள். விரிசல் வழியே ஈரக்காற்று உள்ளே போய்க் காகிதம் அதைக் குடிக்கும். பிறகு ஒருநாள் மின்சாரம் கொடுத்ததும் உறை பிளந்து, வீடே மூச்சு முட்டும்படி புகை வரும். நம் ஊர் ஈரப்பதத்தில் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். இன்னும் வெடிக்காமல் இருந்தாலும் அதைக் கழற்றிவிட்டு, அதே அளவில் 275 வோல்ட் மாறுமின்சாரம் தாங்கும் பிளாஸ்டிக் படல மின்தேக்கியைப் போட்டேன். ஈப்போவில் பாகங்கள் விற்கும் கடையில் அது சில ரிங்கிட்தான்.

இந்த வகை மின்வழங்கியைச் சும்மா ஓட்டிப் பார்க்க முடியாது. சுமை இல்லாவிட்டால் அது தொடங்காது. 5 வோல்ட் தடத்திற்கு 5 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றையும், 12 வோல்ட் தடத்திற்கு என் மோட்டார் சைக்கிளின் 10 வாட் சிக்னல் பல்பு ஒன்றையும் மாட்டினேன். சுவரிலிருந்து வரும் கம்பியில் பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்தேன். உள்ளே குறுக்கு இருந்தால் குண்டு பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மின்சாரத்தைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளும். சுவிட்சைப் போட்டேன். குண்டு பல்பு ஒரு தரம் பளிச்சிட்டு மங்கியது. சிக்னல் பல்பு எரிந்தது. விசிறி நிற்காமல் ஓடியது.

சிவப்புக் கம்பியில் 5.06, மஞ்சளில் 12.3, வெள்ளையில் கழித்தல் 5, நீலத்தில் கழித்தல் 12.1. மின்சாரம் நிலைபெற்றது என்று தாய்ப்பலகைக்குச் சொல்லும் ஆரஞ்சுக் கம்பியில் 4.8. பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. அது இத்தனை நாளும் செய்தது காவல் வேலை. கோளாறு அதன் கம்பிகள் போய்ச் சேரும் இடத்தில் இருந்தது.

தாய்ப்பலகையை மேசையில் வைத்து, எல்லா அட்டைகளையும் வட்டு இயக்கிகளையும் கழற்றிவிட்டு, மின்சாரமே கொடுக்காமல் ஒவ்வொரு தடத்திற்கும் தரைக்கும் (கிரவுண்ட்) இடையே மின்தடையை அளந்தேன். 5 வோல்ட் தடத்தில் எண் மெல்ல ஏறிக்கொண்டே போனது. அது நல்ல அறிகுறி. 12 வோல்ட் தடத்தில் 0.6 ஓம். மீட்டர் கம்பிகளின் சொந்த மின்தடை 0.2 ஓம் போனால் மீதி 0.4. அது நேரடிக் குறுக்கு. ஐந்து நிமிடங்கள்கூட ஆகாத இந்த அளவையை முதல் நாளே யாராவது செய்திருந்தால், அந்தப் பத்துத் தடவைச் சுவிட்சுக்குத் தேவையே இருந்திருக்காது.

சந்தேகம் யார்மேல் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. அந்தக் காலத்துப் பலகைகளில் மிளகு அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை, துளி வடிவில் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் நிற்கும் டேன்டலம் மின்தேக்கிகள் உண்டு. டேன்டலம் உலோகப் பொடியை இறுக்கிச் சுட்டு, அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் வளர்த்துச் செய்வது. சிறிய உடலில் நிறைய மின்னூட்டத்தைத் தாங்கும். ஆனால் அந்தப் படலம் பழுதானால், அலுமினிய மின்தேக்கிகளைப் போல மெதுவாக வலிமை இழப்பதில்லை; நேராகக் குறுக்காகிவிடும், சில நேரம் தீப்பொறியோடு. நெடுநாள் கிடந்துவிட்டு மின்சாரத்தைத் திடீரென்று வாங்கும் முதல் கணத்தில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. 12 வோல்ட் தடத்தில் 16 வோல்ட் தாங்கும் மின்தேக்கியைப் போடுவது அன்றைய வழக்கம். இன்று அந்த இடத்தில் 25 அல்லது 35 வோல்ட் தாங்குவதையே போடுவார்கள்.

இந்தப் பலகையில் 12 வோல்ட் தடத்தில் அப்படி நான்கு இருந்தன. நான்கில் எது என்பதை வெளித்தோற்றம் சொல்லவில்லை. ஒன்றிலும் கறுப்போ வெடிப்போ இல்லை. நான்கையும் பிடுங்கிவிடுவது எளிய வழி. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுப் பலகையின் செம்பு வளையங்கள் தேவையில்லாத சூட்டைத் தாங்காமல் உரிந்து வந்துவிடும். ஆகவே பட்டறை மின்வழங்கியை 1 வோல்ட்டுக்கு மேல் போகாமலும், 1 ஆம்பியருக்கு மேல் தராமலும் வைத்து அந்தத் தடத்தில் இணைத்தேன். 1 வோல்ட்டில் எந்தச் சில்லும் விழித்துக்கொள்ளாது. மின்சாரம் குறுக்கை நோக்கி மட்டுமே ஓடும். ஓடும் வழியில் செம்பு தன் பங்குக்குச் சிறிது மின்னழுத்தத்தைத் தின்றுகொண்டே போகும். மின்வழங்கி மாட்டும் இடத்தில் 412 மில்லிவோல்ட். முதல் மின்தேக்கியின் காலில் 405. இரண்டாவதில் 398. மூன்றாவதிலும் நான்காவதிலும் அதே 398. இரண்டாவதைத் தாண்டி எண் இறங்கவில்லை என்றால், மின்சாரம் அதைத் தாண்டிப் போகவே இல்லை. விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். அது ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த கிராணி ஐயாவிடம் அந்த எண்களைக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, “கணக்கு இடிக்கிற இடம் இதுதான்” என்றார். செக்ரோலில் கூட்டுத்தொகை ஒத்துவராதபோது, பக்கம் பக்கமாகக் கூட்டிக்கொண்டே போய், எந்தப் பக்கத்தில் வித்தியாசம் நின்றுவிடுகிறது என்று பார்ப்பார்களாம்.

அதைக் கழற்றும்போது முதலில் உடலை வெட்டியால் துண்டித்துவிட்டு, மிஞ்சிய இரண்டு கால்களையும் தனித்தனியே சூடாக்கி உருவினேன். தரையோடு சேர்ந்த கால் சூட்டைப் பலகை முழுவதும் பரப்பிவிடும். அதற்குப் புதிய ஈயம் சிறிது ஊட்டினால்தான் இளகும். மீண்டும் அளந்தபோது 12 வோல்ட் தடத்தில் எண் ஓம்களைத் தாண்டி ஏறிப் போய்விட்டது. அந்த இடத்தில் 10 மைக்ரோஃபேரட், 25 வோல்ட் அலுமினிய மின்தேக்கி ஒன்றைப் போட்டேன். இங்கே பலர் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்: டேன்டலத்தின் உடலில் இருக்கும் கோடோ கூட்டல் குறியோ நேர்முனையைக் காட்டும், அலுமினியத்தில் இருக்கும் கோடு எதிர்முனையைக் காட்டும். கோட்டைப் பார்த்துக் கோட்டோடு பொருத்தினால் தலைகீழாகப் போய்விடும்.

மின்வழங்கியிலிருந்து தாய்ப்பலகைக்கு வரும் இரண்டு இணைப்பிகளும் ஒரே அளவில் ஆறு முனைகள் கொண்டவை. இடம் மாற்றி மாட்டினால் பலகையில் இருக்கும் சில்லுகள் பிழைப்பது கடினம். கறுப்புக் கம்பிகள் நான்கும் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும் என்பதே நினைவில் வைக்க வேண்டியது. மாட்டிய பிறகு இருமுறை பார்த்தேன். ஒலிபெருக்கியை மட்டும் இணைத்துச் சுவிட்சைப் போட்டேன். விசிறி ஓடியது. சில நொடிகள் கழித்து ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் கேட்டன. திரை அட்டையைக் காணவில்லை என்று எக்ஸ்டி வகைக் கணினி முறையிடும் மொழி அது. முறையிடும் அளவுக்கு அதன் செயலி, நினைவகம் எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று பொருள்.

அட்டைகளில் ஒன்றில் இருந்த கடிகார மின்கலம் கசிந்து பச்சைப் பூத்திருந்தது. அதை வெட்டி எறிந்து, காடியால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் கழுவினேன். திரை அட்டை ஹெர்குலிஸ் வகை. இந்த அட்டையை 1982இல் உருவாக்கியவர் தாய்லாந்துக்காரரான வான் சுவன்னுகுல் என்பதும், தம் ஆய்வேட்டைத் தாய்லாந்து மொழியின் எழுத்தில் கணினியில் எழுத வேண்டும் என்ற தேவையே அவரை அந்த வேலைக்கு இழுத்தது என்பதும் எனக்கு எப்போதும் உவப்பான செய்தி. நம் நாட்டில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கிய 1985ஆம் ஆண்டும் இதே காலத்தைச் சேர்ந்ததுதான். தம் மொழி திரையில் வரவேண்டும் என்று அக்கம்பக்கத்து நாடுகளில் இருவர் ஒரே சமயத்தில் உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள்.

அட்டையைச் செருகி, பச்சைத் திரையை இணைத்துவிட்டு மறுபடி போட்டபோது, மூலையில் நினைவக எண் எண்ணத் தொடங்கி 640 கிலோபைட்டில் நின்றது. அடுத்து 1701 என்ற எண் வந்தது. அது நிலைவட்டுக் (ஹார்ட் டிஸ்க்) கோளாறு. 20 மெகாபைட் நிலைவட்டு சுழலும் ஓசை கேட்கிறது, ஆனால் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை. அதை அன்று தொடவில்லை. நெகிழ்வட்டிலிருந்து (ஃபிளாப்பி) அந்தக் காலத்து இயங்குதளமான டாஸ் ஏறியது. கிராணி ஐயா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே டிஐஆர் என்று தட்டி, கோப்புகளின் பெயர்ப்பட்டியல் ஓடி முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“செக்ரோல் எல்லாம் அந்த வட்டில் இருக்கிறது தம்பி. எண்பத்தெட்டிலிருந்து.”

அந்த வட்டையும் அதன் கட்டுப்பாட்டு அட்டையையும் இணைக்கும் இரண்டு பட்டைக் கம்பிகளின் முனைகள் கறுத்திருக்கின்றன. வரும் சனிக்கிழமை அவற்றைத் துடைத்துவிட்டு, முதலில் அங்கிருந்து அளக்கத் தொடங்குவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.