காந்தம் இழுக்காது, திருப்பும்: வலது கீழறையில் ஒரு அப்லேஷன்

இதயத்தில் தவறான துடிப்பு கிளம்பும் இடத்தைச் சுட்டுச் சரிசெய்யும் அப்லேஷனில் காந்த வழிநடத்தல் என்றதும், பெரிய காந்தம் ஒன்று கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் இழுத்துப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மேசையின் இருபுறமும் நிற்கும் நிலைக்காந்தங்கள் இதயம் இருக்குமிடத்தில் ஏறக்குறைய சீரான காந்தப்புலத்தை உண்டாக்கும். ஸ்டீரியோடாக்சிஸ் நிறுவனத்தின் நையோபி கருவியில் அது 0.1 டெஸ்லாவுக்குள். கதீட்டர் நுனியில் இருக்கும் குட்டிக் காந்தங்கள் திசைகாட்டி முள்போல அந்தப் புலத்தின் திசைக்குத் திரும்பும், அவ்வளவுதான். முன்னே பின்னே நகர்த்துவது தொடைப்பக்கம் கதீட்டரைப் பிடித்திருக்கும் மோட்டாரின் வேலை.

இது புரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். நுரையீரல் தமனிக்குக் கீழே, வலது கீழறையின் வெளிவாயிலிலிருந்து வரும் கூடுதல் துடிப்புகளை எடுத்துக்கொள்வோம். அங்கே சுவர் மெல்லியது. கையால் செலுத்தும் விறைப்பான கதீட்டர் உரசினாலே துடிப்பு கிளம்பும். எது நோயாளியுடையது, எது நாம் உண்டாக்கியது என்று குழம்பும். காந்தக் கதீட்டரின் தண்டு நூடுல்ஸ் மாதிரி தளர்வானது, அந்தத் தொல்லை குறைவு.

தாளத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளை மருத்துவர் சொல்லும் நாளில் நிறுத்த வேண்டும். மயக்க மருந்தும் லேசாகத்தான். ஆழ்ந்து தூங்கினால் துடிப்புகள் மறைந்துவிடும், தேடுவதற்கு எதுவும் இருக்காது. பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். புலத்துக்குள் வந்ததும் இதயத் துடிப்பைக் கவனிக்காமல் தன்போக்கில் அடிக்கும் நிலைக்கு அது மாறக்கூடும்.

தொடைச் சிரையில் ஊசி குத்துவதும் ஷீத் என்ற வழிக்குழாயை வைப்பதும் கையால்தான். அதன் பிறகே காந்தங்களை உள்ளே கொண்டுவருவார்கள். பிறகு மருத்துவர் பக்கத்து அறைத் திரை முன் அமர்ந்து, அம்புக்குறியால் திசையைக் குறிப்பார்.

தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, நுனிக் காந்தங்கள் ஷீத்துக்குள்ளேயே மாட்டியிருப்பது. திசையை எவ்வளவு மாற்றினாலும் நுனி அசையாது; கருவியைத் திட்டுவதற்கு முன் ஷீத்தைச் சற்றுப் பின்னிழுங்கள். இரண்டாவது, நுனி சுவரைத் தொட்டபிறகும் மோட்டாரால் தள்ளிக்கொண்டே இருப்பது. அதனால் அழுத்தம் அதிகரிக்காது, தண்டு வளைந்து கீழறைக்குள் வளையம்தான் போடும். முழுதாகப் பின்வாங்கி, திசையைத் திருத்தி, மறுபடி மெல்ல முன்னேற்றுவதே வழி.

துடிப்பு கிளம்பும் இடத்தைத் தேடும் மேப்பிங்கில், இசிஜியில் கியூஆர்எஸ் (கீழறைத் துடிப்பைக் காட்டும் அலை) தொடங்குவதற்கு 20 முதல் 30 மில்லிசெகண்ட் முன்னால் சமிக்ஞை வரும் புள்ளியைத் தேடுவோம். ஒருமுனைப் பதிவு (நுனியின் ஒரே மின்முனையில் எடுக்கும் வரைவு) நேராகக் கீழிறங்க வேண்டும். சின்ன மேல்முனை தெரிந்தால் மையம் அங்கே இல்லை. வலப்பக்கம் எங்கும் அவ்வளவு முந்திய புள்ளி கிடைக்காவிட்டால், பெருந்தமனி வால்வின் இதழ்க்குழிகளைப் பார்க்க வேண்டும். அங்கே சுடுமுன் கரோனரி தமனியின் வாய் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஆஞ்சியோ எடுத்தே ஆகவேண்டும். 5 மில்லிமீட்டருக்குள் என்றால் சுடுவதில்லை.

சரியான புள்ளியில் 30 வாட் அளவில் சுட்டால், பெரும்பாலும் 10, 15 நொடிகளில் துடிப்பு நின்றுவிடும். நிற்காவிட்டால் வாட்டை ஏற்றுவதைவிட மேப்பிங்கைத் திரும்பப் பார்ப்பது நல்லது. உடனே வெளியே வரக்கூடாது. இதயத்தைத் தூண்டும் ஐசோபுரோட்டரினால் என்ற மருந்தை ஏற்றி, 30 நிமிடம் காத்திருந்து பார்ப்போம். துடிப்பு சற்று நேரம் கழித்தும் திரும்பி வரலாம்.