பானெட் லாக்கைக் கழற்றிவிட்டு பானெட் பின் (pin) போட்ட கதை

எங்கள் காரில் கம்பெனி கொடுத்த பானெட் (இன்ஜின் மூடி) லாக்கில் ஒரு குறையும் இல்லை. உள்ளே லிவரை இழுத்தால் 'டக்' என்று விடும், இடுக்கில் விரலை விட்டு இரண்டாவது கொக்கியைத் தள்ளினால் பானெட் மேலே வந்துவிடும். ரோட்டில் ஓடுகிற காருக்கு இது தாராளம். பந்தய டிராக்கில் விஷயம் வேறு. முன்பக்கம் ஒரு இடி வாங்கினால் ரேடியேட்டர் சப்போர்ட் (ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டம்) வளைந்து லாக் இறுகிக்கொள்ளும். கேபிள் அறுந்தால் வெளியிலிருந்து திறப்பது பெரும்பாடு. இன்ஜினிலிருந்து புகை வரும்போது, தீயணைப்பானோடு ஓடி வருகிறவர் டிரைவரின் காலடியில் லிவரைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் விதிகளில், அப்பெண்டிக்ஸ் ஜே, பிரிவு 253 இதைத் தெளிவாகவே சொல்கிறது: பானெட்டுக்குக் குறைந்தது 2 பாதுகாப்புப் பூட்டுகள் வேண்டும், பழைய லாக் வேலை செய்யாதபடி ஆக்கப்பட வேண்டும் அல்லது கழற்றப்பட வேண்டும்.

அதனால் லாக்குக்குப் பதிலாக, வெளியிலிருந்தே திறக்கக்கூடிய பானெட் பின் போட முடிவு செய்தோம். எந்த வகை பின் என்பதில்தான் முதல் விவாதம். ஏரோகேட்ச் மாதிரி பானெட்டோடு சமமாகப் படிந்து உட்காருகிற வகை பார்க்க அழகு. ஆனால் அதற்குப் பானெட்டில் நீளமாக ஒரு பெரிய திறப்பு வெட்ட வேண்டும், அடியில் விறைப்புச் சட்டம் குறுக்கே வந்தால் அதையும் தொட வேண்டியிருக்கும். நாங்கள் பழைய பாணிக்கே போனோம். மரை வெட்டிய கம்பி, அதைப் பிடிக்க மேலும் கீழும் நட், பானெட்டின் மேல் ஒரு தகடு, குறுக்கே மாட்ட ஆர் வடிவ கிளிப். அழகில்லைதான். ஆனால் மாட்டியிருக்கிறதா இல்லையா என்பது பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். எனக்கு அது போதும்.

வேலை தொடங்கியதும் பலர் முதலில் செய்வது பழைய லாக்கைக் கழற்றுவது. நான் அதைக் கடைசிக்குத் தள்ளினேன். அந்த லாக் பானெட்டைக் கீழே இழுத்துப் பிடிப்பதோடு நிற்பதில்லை. இடமும் வலமும் போகாமல் நடுவில் நிறுத்துவதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் பானெட் உண்மையில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. லாக் மாட்டியிருக்கும்போதே பின்னுக்கான இடத்தைக் குறித்துவிட்டால் பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் (பக்கத் தகடு) உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் அப்படியே நிற்கும்.

பின் உட்காரும் இடத்தை ரேடியேட்டர் சப்போர்ட்டின் இரண்டு ஓரங்களிலும் தேர்ந்தெடுத்தோம். அந்தத் தகடு மெல்லியது, கையால் அழுத்தினாலே நெளிகிறது. அதனால் அடியில் ஒரு தடித்த பட்டையைக் கொடுத்து இறுக்கினோம். அப்புறம் பின்னை நன்றாகத் தாழ்த்தி வைத்து, நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவி, பானெட்டை மெல்ல மூடித் திறந்தோம். கிரீஸ் ஒட்டவில்லை என்றால் பின்னை ஒரு சுற்று உயர்த்தி மறுபடி மூட வேண்டும். இதில் அவசரம் கூடாது. பின் உயரமாக இருக்கும்போது பானெட்டை ஓங்கிச் சாத்தினால் தகடு புடைத்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் உள்தகட்டில் பட்டாணி அளவுக்குக் கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தது. அதுதான் மையம்.

பானெட் இரண்டு அடுக்கு என்பதை இங்கே மறக்கக் கூடாது. உள்தகட்டில் ஓட்டையைத் தாராளமாகவே போட்டோம். பின்பக்கக் கீலில் சுழன்று இறங்குகிற பானெட், பின்னை நேராகச் சந்திக்காது, கொஞ்சம் சாய்வாகத்தான் வரும். உள் ஓட்டை இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் உரசும். அந்த ஓட்டை வழியே பின்னை உயர்த்தி, மேல்தகட்டின் அடியில் மறுபடி பொட்டு வைத்து, கீழிருந்து 3 மி.மீ. டிரில் பிட்டால் ஒரு துளை. பிட் நுனி பெயிண்டைக் கிழித்துக்கொண்டு மேலே எட்டிப் பார்க்கும் அந்த நொடியில் வயிறு கொஞ்சம் கலங்கத்தான் செய்யும். அதற்குமேல் வேலை மேலிருந்து: மாஸ்கிங் டேப் ஒட்டி, படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் பிட்டால் பெரிதாக்கினோம். மேல் ஓட்டை பின்னைவிட ஒன்று, ஒன்றரை மி.மீ. மட்டும் பெரிது. லாக் செய்துவந்த நடுநிறுத்தும் வேலையை இனி இந்த ஓட்டைகள்தான் பார்க்க வேண்டும், அதனால் இதில் தாராளம் காட்டக் கூடாது. பிசிறை அரத்தால் தேய்த்து, வெட்டிய விளிம்புக்கு பிரைமர் அடித்தோம். இதை விட்டால் துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

ஃபைபர்கிளாஸ் பானெட் என்றால் முகக்கவசம் கட்டாயம். டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள், அடியிலும் ஒரு உலோகத் தகடு கொடுங்கள். இல்லாவிட்டால் பின் அந்த ஓட்டையைத் தின்றுவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் லாக்கையும் கேபிளையும் கழற்றினோம். உடனே பானெட், ரப்பர் ஸ்டாப்பர்கள் மேல் சற்று எழும்பி நின்றது. இனி உயரத்தைச் சரி செய்ய வேண்டும். உள்ளங்கையால் லேசாக அழுத்தினால்தான் கிளிப் நுழைய வேண்டும், அதுதான் சரியான அளவு. அழுத்தாமலே நுழைந்தால் பானெட் ஆடும், ஆட ஆட ஓட்டை பெரிதாகும். உடம்பு பாரத்தையே போட வேண்டியிருந்தால் பிட்டில் (டிராக் ஓரம் காரை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) அவசரத்துக்குத் திறக்க முடியாது, தகடும் குழி விழும். நட்டை அரைச் சுற்று, கால் சுற்று என்று திருப்பித்தான் அந்த இடம் பிடிபட்டது. கிளிப்பைக் கட்டிவைக்கும் கம்பி பெயிண்ட் மேல் கிடந்தால் கோடு கோடாகக் கீறும், அதைக் குட்டையாக வைப்பது நல்லது.

கீலையும் எடுத்துவிட்டு 4 பின் போடலாமே என்று ஒரு யோசனை வந்தது. புதிய யோசனை இல்லை. 1969-இல் டாட்ஜ் சூப்பர் பீ 440 சிக்ஸ் பேக் என்ற அமெரிக்கக் கார், தொழிற்சாலையிலிருந்தே கீல் இல்லாமல், 4 பின்னோடு தூக்கி எடுக்கிற ஃபைபர்கிளாஸ் பானெட்டோடுதான் வந்தது. எடை குறையும், உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் தூக்க இரண்டு பேர் வேண்டும், கழற்றிய பானெட்டைக் காற்றடிக்கும் பிட்டில் எங்கே வைப்பது? கீல் இருக்கட்டும் என்று விட்டோம். ஒரு கிளிப் நழுவினாலும் பானெட்டைப் பிடிக்க அதுவாவது இருக்கும்.

டிராக்கில் மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டியபோது ஓரங்கள் அசையவில்லை. நடு முன்விளிம்பு மட்டும் படபடத்தது, உள்ளே வைத்திருந்த கேமராவில் தெளிவாகத் தெரிந்தது. முன்விளிம்பின் மேல் காற்றழுத்தம் குறைகிறது, கிரில் வழியே நுழையும் காற்று அடியிலிருந்து தள்ளுகிறது, லாக் இருந்த நடுவில் இப்போது பிடிப்பே இல்லை. இதே மாதிரி இரண்டு பின்னோடு படபடப்பில்லாமல் ஓடும் வேறு கார்களும் உண்டு. பானெட் எவ்வளவு விறைப்பு என்பதைப் பொறுத்தது. லாக் உட்கார்ந்திருந்த அதே சட்டத்தில், வலுவான இடமாக இருந்ததால், மூன்றாவது பின்னைப் போட்டோம். படபடப்பு நின்றது.

இப்போது ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் நட்டுகளைப் பார்க்கிறோம். நட்டிலும் பட்டையிலும் சேர்த்து பெயிண்டால் ஒரு கோடு போட்டிருப்பதால் ஸ்பானர் தேவையில்லை, கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கிளிப்பை மாட்டுவது ஒருவர், பிட்டை விட்டுக் கிளம்பும் முன் பானெட் விளிம்பை இழுத்துப் பார்ப்பது இன்னொருவர்.