மிளகாய்ச் செடியின் கொழுந்தைக் கிள்ளும் முன் கையைக் கழுவுங்கள்

வைகாசி முடியப் போகிறது, இன்னும் கொஞ்ச நாளில் எங்கள் பக்கம் காற்று எடுத்துவிடும். ஆனி, ஆடி இரண்டு மாதமும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று, பாளையங்கோட்டையில் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், காயப்போட்ட துணியையே அடுத்த தெருவுக்குக் கொண்டு போய்விடும். அதில் ஒற்றைக் குச்சியாக ஒன்றரை அடிக்கு வளர்ந்து நிற்கிற மிளகாய்ச் செடி என்ன பாடுபடும்? முதல் வருஷம் நான் வைத்த பன்னிரண்டு தொட்டியில் ஐந்து செடி ஒரே ராத்திரியில் தூரோடு சாய்ந்து கிடந்தன. நான் செடியின் தலையைக் கிள்ள ஆரம்பித்தது காய்க்காக இல்லை, இந்தக் காற்றுக்காகத்தான். காயும் கூடுதலாக வந்தது பிறகு தெரிந்துகொண்டது.

கிள்ளினால் ஏன் பக்கவாட்டில் கிளைக்கிறது என்று ஒரு தடவை செடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிளகாய்ச் செடி தன் போக்கில் விட்டால் ஒரே தண்டாக மேலே போகும், உச்சியில் முதல் பூ வரும், அந்தப் பூ வருகிற இடத்தில் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். அந்த இரண்டும் போய் ஒவ்வொரு பூவிலும் மறுபடி பிரியும். அதாவது கிளைக்கிற குணம் அதற்கே உண்டு, ஆனால் முதல் கவட்டை விழுவதற்குள் தண்டு உயரமாகப் போய்விடுகிறது. கீழே ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கிறது. அது செத்த மொட்டு இல்லை, உறங்குகிற மொட்டு. உச்சிக் கொழுந்தில் சுரக்கிற ஆக்சின் என்கிற ஹார்மோன் கீழே இறங்கி இந்த மொட்டுகளை விழிக்க விடாமல் வைத்திருக்கிறது. கொழுந்தைக் கிள்ளினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். எனக்கு ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு கக்கத்திலும் கடுகை விடச் சின்னதாகப் பச்சைப் புள்ளி தெரிந்தது, அதற்கடுத்த வாரம் அது இரண்டு இலையோடு நீட்டிக்கொண்டு நின்றது. தினமும் காலையில் காப்பி டம்ளரோடு மேலே போய் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்போது கிள்ளுவது? நாற்றைப் பிடுங்கி நட்ட கையோடு கிள்ளாதீர்கள். அதற்கு அப்போது வேர் பிடிப்பதே பெரிய வேலை. பத்து நாள் விட்டு, புது இலை ஒன்று விரிந்து, செடி ஒரு சாண் உயரம் வந்து ஏழெட்டு இலை இருக்கும்போது, கீழே நான்கைந்து இலையை விட்டுவிட்டு அதற்கு மேலே இருக்கிற கொழுந்தை மட்டும், இலைக்கணுவுக்குச் சற்று மேலே, நகத்தால் ஒரே கிள்ளு. கொழுந்து இளசாக இருந்தால் சத்தமே இல்லாமல் வந்துவிடும். நார் நாராக இழுபட்டால் நாள் கடந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது பிளேடு எடுத்துக்கொள்ளுங்கள், பிய்க்க வேண்டாம். இலை சுருண்டிருக்கிற செடியைத் தொடவே தொடாதீர்கள். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன், முதலில் அதைச் சரி பண்ணிவிட்டுத்தான் கிள்ளுகிற பேச்சு.

கிள்ளின செடி பூக்க இரண்டு வாரம் போலப் பிந்தும். பக்கத்து வீட்டுச் செடியில் பூ வந்துவிட்டதே என்று மனசு கிடந்து அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவசரப்பட்டுக் கடலைப்பிண்ணாக்குத் தண்ணீரை ஊற்றோ ஊற்றென்று ஊற்றினால் செடி கருகருவென்று இலையாகவே போய்க்கொண்டிருக்கும், பூ வராது.

எல்லா மிளகாய்க்கும் இது தேவை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காந்தாரி தன்னாலேயே புதராகிவிடும், அதைச் சும்மா விடுங்கள். குடைமிளகாய்க்கு முறையே வேறு. நிழல்வலைக் குடிலில் வளர்ப்பவர்கள் இரண்டு தண்டை மட்டும் விட்டு மற்றதை வெட்டி, கயிறு கட்டி மேலே ஏற்றுவார்கள். அங்கே காய் பெரிதாக வேண்டும். நமக்குச் சம்பா மிளகாயில் எண்ணிக்கைதான் வேண்டும். இந்தக் குடைமிளகாய் வளர்ப்பு வீடியோக்களைப் பார்த்துவிட்டு சம்பா மிளகாயை இரண்டு தண்டாக்கி வைத்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கிணற்றுத் தோட்டத்தில் ஏக்கர் கணக்கில் கோவில்பட்டி கே1, கே2 மிளகாய் ரகம் போடுகிறவர்கள் நான் பார்த்தவரை கிள்ளுவதில்லை. அவ்வளவு செடிக்கு ஆள்கூலி கட்டாது, செடியும் அதன் கவட்டையை வைத்தே சமாளித்துக்கொள்ளும். இது பத்திருபது செடி வைத்து, ஒவ்வொன்றின் முகமும் தெரிந்தவர்களுக்கான வேலை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. போன வருஷம் முக்கூடலில் அம்மா வீட்டுப் பின்பக்கம் இருபது நாற்று நட்டிருந்தோம். எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள், சித்தியும் சுற்றுவாள். மத்தியானம் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை கை நிற்காது. அன்றைக்கு நான் இரண்டு செடியைக் கிள்ளிக் காட்டினதும், "இவ்வளவுதானா, நீ போய்ச் சாப்பிடு பிள்ளே, நான் பாத்துக்கிடுதேன்" என்று தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்து மிச்சம் பதினெட்டையும் கிள்ளிவிட்டாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் பீடி மடக்கின விரல், அத்தனை சுத்தமாக எனக்குக் கிள்ள வராது. ஆனால் மூன்று வாரத்தில் புதுத் துளிர் எல்லாம் வெளிர்ப்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாக, இலை குறுகி, நெளிந்து வந்தது. தேமல் நோய். நான் கிள்ளின இரண்டு செடியிலும் அது இல்லை.

வேளாண் அலுவலர் ஒருவரிடம் இலையைக் கொண்டுபோய்க் காட்டினபோது அவர் முதலில் கேட்டதே, "வீட்டில் யாராவது பீடி சுற்றுகிறார்களா?" என்றுதான். புகையிலையும் மிளகாயும் ஒரே குடும்பம், தக்காளி, கத்தரிக்காயும்தான். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த புகையிலைத் தூளிலும் வருஷக்கணக்கில் சாகாமல் இருக்கும். தூள் ஒட்டின விரலால் கிள்ளும்போது அந்தக் காயத்தின் வழியாக உள்ளே போய்விடும், ஒரு செடியில் ஏறினால் அடுத்த செடிக்கும் அதே விரல் கொண்டுபோகும். அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி வழியாக வருகிற வேறு தேமலும் உண்டு, எங்கள் செடிக்கு வந்தது எது என்று யாரும் பரிசோதித்துச் சொல்லவில்லை. ஆனாலும் பதினெட்டும் இரண்டுமாகப் பிரிந்து நின்றதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமில்லை. இதற்கு மருந்து கிடையாது, பதினெட்டையும் பிடுங்கி எரித்தோம். சித்தி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை, தன் கையால் கெட்டுவிட்டதே என்று.

அதனால் பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடுகிற புகையிலை எதைத் தொட்ட கையாக இருந்தாலும் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவிவிட்டுச் செடிக்குப் போங்கள். கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து அதில் கையை நனைத்துக்கொண்டே செடிக்குச் செடி போவதும் உண்டு, பால் இந்த வைரஸ் தொற்றாமல் தடுக்கும். நான் ஒரு கிண்ணம் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். பிளேடையும் அதில் முக்கித்தான் எடுப்பேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் எதையும் வெட்டாதீர்கள். ஈரத்தில் வெட்டுக்காயம் ஆறாமல் நுனிக்கருகல் பிடித்துக் கிளை மேலிருந்து கீழாகக் காய்ந்துகொண்டே வரும். மண்ணில் படுகிற அடி இலைகளை மழைக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது, சேறு தெறிக்காது. காய் பிடித்துக் கிளை தாழ்ந்தால் ஒரு கம்பு ஊன்றி வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். கயிறு தண்டை அறுக்கும், நார் அறுக்காது. காய்த்து ஓய்ந்த செடியைத் தை பிறந்து வெயில் வந்ததும் ஒரு முழத்துக்குக் கீழே, கணுவுக்கு மேலாகக் கவாத்து பண்ணித் தொழுவுரம் போட்டால் மறுபடி துளிர்க்கும். மிளகாய் ஒரு வருஷத்தில் சாகிற செடி இல்லை, எங்கள் தட்டட்டியில் ஒன்று மூன்றாவது வருஷமாக நிற்கிறது.

முக்கூடலில் இந்த வருஷமும் இருபது நாற்று நட்டிருக்கிறோம், போன ஞாயிற்றுக்கிழமைதான் கிள்ளினேன். சித்தி பின்வாசல் படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். இறங்கி வரவில்லை. "ஏ பிள்ளே, அந்த மூணாவது செடிய விட்டுட்டியே, இன்னும் ஒரு இலை கீழ வச்சுக் கிள்ளு" என்று அங்கிருந்தே கையைக் காட்டிக்கொண்டிருந்தாள், நான் கிள்ளிக்கொண்டு வந்தேன்.