மளிகைக்கடை சிம்

கோத்தகிரியில் என் மளிகைக்கடையில் அரிசி, பருப்போடு ரீசார்ஜும் உண்டு. இரண்டுக்கும் ஒரே கல்லா. போன மாதம் கீழ்கோத்தகிரியிலிருந்து வரும் அக்கா ஒருத்தர் கேட்டார்: "லண்டன்ல நர்ஸா இருக்கிற என் மக மளிகைக்கடை சிம்தான் வச்சிருக்காளாம். மளிகைக்கடைக்காரங்க எப்படித் தம்பி டவர் போடுவாங்க?"

மகள் வைத்திருப்பது டெஸ்கோ மொபைல். டெஸ்கோ அங்கே பெரிய சூப்பர்மார்க்கெட். 2003-இல் ஓ2 கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். டவரும் அலைவரிசையும் ஓ2-வினுடையவை. பிளான், பில், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது எல்லாம் டெஸ்கோ பெயரில். நம் நாட்டிலும் 2010-இல், பிக் பஜார் நடத்திய குழுமம் டாடாவின் நெட்வொர்க்கில் டி24 என்று ஒரு சேவையை விற்றது. சாமான் வாங்கினால் பேச்சு நேரம் இலவசம். அது நிலைக்கவில்லை.

"டவர் வாடகைக்கு, வியாபாரம் இவங்களுது" என்று அக்காவுக்குச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு 2018 பிப்ரவரி ஞாபகம் வந்துவிட்டது.

நான் வருஷக்கணக்கில் விற்ற ஒரு நெட்வொர்க் அந்த மாதம் படுத்துவிட்டது. நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டுமானால் 1900-க்கு மெசேஜ் போக வேண்டும். மெசேஜ் போக டவர் வேண்டும். டவர்தான் இல்லையே! தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் ரப்பர் பேண்ட் சுற்றிய பட்டன் போனோடு வந்தார். பேங்க், கேஸ் எல்லாம் அந்த ஒரே நம்பரில். கடைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் இருவரும் ஏறினோம். தூறல். போனைப் பாலித்தீன் கவருக்குள் வைத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி அனுப்பினோம். ஒரு மணி நேரம் கழித்து ஒரு கட்டை டவர் வந்தது, மெசேஜ் போய்விட்டது. நம்பர் மாற்றுவதற்காகப் பதிலில் வந்த கோட் எண்ணை அரிசி பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இறங்கும்போது அவர் கோபமில்லாமல்தான் கேட்டார்: "நீதானே தம்பி இந்த சிம்மைக் கொடுத்தே?"

நான்தான் கொடுத்தேன். அவருக்குத் தெரிந்த கம்பெனி நான் ஒருவன்தான். ஆனால் கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்க எனக்கு ஒரு ஆள்கூட இல்லை. கமிஷனும் போஸ்டரும்தான் எனக்கு வந்தன.

கடையே நெட்வொர்க் நடத்துவது எனக்குப் பிடித்திருப்பது அதனால்தான். சிம் கெட்டால் அரிசி வியாபாரமும் கெடும் என்ற பயம் அங்கே இருக்கும். டவர்காரனிடம் சண்டை போட ஒப்பந்தமும் கையில் இருக்கும். எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கு அந்த உரிமையில் கொஞ்சமாவது வேண்டும். பொறுப்பு முழுவதும் ஏற்கெனவே எங்கள் தலையில்தான் இருக்கிறது.

"அப்ப டவர் கிடைக்கலேன்னா என் மக யாரைக் கேப்பா?" என்றார் அக்கா.

"அந்தக் கடையைத்தான் கேக்கணும்."

"அப்ப சரி" என்றவர், அரைக் கிலோ துவரம்பருப்போடு தன் போனுக்கு ஒரு மாத ரீசார்ஜும் போடச் சொன்னார். பில்லின் அடியில் என் சொந்த நம்பரை எளிதில் தெரிகிற மாதிரி பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.