கைபேசியைப் பறிப்பதற்கு முன்

திருகோணமலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில், பாடசாலைகளில் நடக்கும் இணையப் பாதுகாப்பு வகுப்புகள் மீது எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. தெரியாதவரோடு பேசாதே, படம் அனுப்பாதே, கடவுச்சொல்லைச் சொல்லாதே என்று அடுக்கிவிட்டு வகுப்பை முடித்துவிடுகிறோம். ஏற்கெனவே படம் அனுப்பிவிட்டு, அதை வைத்து மிரட்டப்படும் பிள்ளைக்கு அந்த வகுப்பில் ஒரு வரிகூட இல்லை.

அத்தகைய பிள்ளை வாய் திறக்காததற்கு வெட்கம் மட்டும் காரணமன்று. தரம் 8 மாணவி ஒருத்தி எழுந்து, “வீட்டில சொன்னா போனைப் பறிச்சிருவாங்களே, சேர்?” என்று கேட்டபோது வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. மூதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தாய்மார் பலர் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குச் சென்றிருக்க, பிள்ளைகள் அம்மம்மாவிடம் வளர்கிறார்கள். அம்மாவின் முகத்தை இரவில் காட்டுவது அந்தக் கைபேசிதான். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடக்குறிப்புகள் வந்ததும் அதில்தான். அதை இழப்பதைவிட மிரட்டலைப் பொறுத்துக்கொள்வது மேல் என்று பிள்ளை எண்ணினால் அதில் வியப்பில்லை. மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் அந்த மௌனத்தைத்தான்.

எங்கள் பாடசாலைக்குள் மாணவர் கைபேசி கொண்டுவர முடியாது என்பதால், வட்ஸ்அப் திரையைக் கரும்பலகையில் வரைந்தே விளக்குகிறேன். நண்பனின் கணக்கிலிருந்து, “தவறுதலாக உனக்கு ஒரு 6 இலக்க எண் வந்திருக்கும், அதை அனுப்பு” என்று செய்தி வரும். அந்த எண்ணைக் கொடுத்தால் நம்முடைய கணக்கும் மோசடிக்காரன் கைக்குப் போய்விடும். நண்பனின் கணக்கு போனதும் அப்படித்தான். இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி ஓர் இரகசிய இலக்கத்தை வைத்துக்கொண்டால் அந்த 6 இலக்கம் மட்டும் போதாது. இதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். சமூக ஊடகக் கணக்குத் திறக்க 13 வயதாகியிருக்க வேண்டும் என்ற விதியைப் பற்றி மட்டும் என்னிடம் பேச்சில்லை. பிறந்த ஆண்டை மாற்றிக் கணக்குத் திறந்தவர்களே வகுப்பில் அதிகம்.

மிரட்டல் வந்துவிட்டால், பயத்தில் உரையாடலை அழித்துவிடுவதுதான் பிள்ளைகளின் முதல் வேலை. அழிக்கக் கூடாது, பணமோ இன்னொரு படமோ கொடுக்கவும் கூடாது. அவனுடைய செய்திகளையும் கணக்கின் பெயரையும் சான்றாக வைத்துக்கொண்டு, பிறகு தடைசெய்யலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் அந்தரங்கப் படங்களை இணையத்திலிருந்து அகற்ற உதவும் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையும் உண்டு. படம் கைபேசியை விட்டு வெளியே போகாமல், அதிலிருந்து உருவாக்கப்படும் எண்சார் அடையாளம் (அந்தப் படத்தை இனங்காண உதவும் ஒரு குறியீடு) மட்டுமே பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற தளங்களுக்குச் செல்கிறது. இன்னொருவருக்குப் படத்தைக் காட்ட வேண்டுமே என்று அஞ்சும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

இதே பாடம் பெரியவர்களுக்கும் வேண்டும். முறைப்பாடு வந்தவுடன் “எங்கே, அந்தப் படத்தை எனக்கு அனுப்பு” என்று கேட்கும் ஆசிரியரும், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், அதைப் பரப்புபவர்தான். ஆகவே பெற்றோர் கூட்டத்தில் இவ்விடயத்தைச் சேர்க்குமாறு அதிபரிடம் கேட்டிருக்கிறேன். கூட்டத்துக்கு வரப்போகிறவர்கள் பெரும்பாலும் அம்மம்மாமார் என்பதால், முதலில் அவர்களிடம் கேட்கப்போவது, பிள்ளை வந்து சொன்னால் அன்றைக்குப் போனைப் பறிக்காமல் இருக்க முடியுமா என்பதைத்தான்.