மோட்டார்மேல் போட்ட வீண்பழி

0 கி.மீ.
என் புது மின்சார சைக்கிளின் ஹேண்டில்பாரை நேராக்கி, பெடல்களை மாட்டி முடிக்க அரை மணி நேரம்தான். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்று தெரிந்திருந்தும் முதலில் தப்பாகத்தான் திருகினேன்.

மாலை முழுவதையும் விழுங்கியது, குலுக்கலைத் தாங்கும் காற்றடைத்த பின்பக்க ஷாக். அதன் தண்டு மொத்தம் 55 மி.மீ. உள்ளே போகும். நான் ஏறி உட்கார்ந்ததும் அதில் 30 சதவீதம், அதாவது 16 மி.மீ. சொச்சம் அமுங்க வேண்டும். தண்டிலிருக்கும் ரப்பர் வளையத்தை மேலே தள்ளிவிட்டு, பையையும் முதுகில் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி பூனைபோல ஏறி, பூனைபோல இறங்கி, வளையம் எங்கே நிற்கிறது என்று அளந்தேன். முதல் தடவை 24. காற்றடித்தேன், 12. விட்டேன், 19. ஐந்தாவது தடவை 16. பம்பைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று போவது குழாயிலிருக்கும் காற்றுதான், ஷாக்கின் காற்றல்ல. இது தெரியாமல் இரண்டு முறை தேவையில்லாமல் கூடுதலாக அடித்துவைத்தேன்.

120 கி.மீ.
பேட்டரி 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி. ஏறத்தாழ 500 வாட்-மணி. சைக்கிள் 24 கிலோ, பையோடு நான் 76 கிலோ. நூறு கிலோவை 500 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவே 136 வாட்-மணி வேண்டும். உராய்வும் மோட்டாரின் சூடும் தனிக்கணக்கு. ஒரே ஏற்றத்தை மோட்டாரின் உச்ச உதவியில் ஏறியபோது பேட்டரியில் 34 சதவீதம் கரைந்தது. குறைந்த உதவியில் 17தான், மீதியைக் கொடுத்தது என் தொடை. அதற்குப்பிறகு உச்ச உதவியைக் கடைசிச் செங்குத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

310 கி.மீ.
கல்பாதையில் மோட்டார் திடீரென்று கைவிட்டது. திரையில் ஒரு பிழை எண். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஒரு கிலோமீட்டர் போனதும் மறுபடியும் அதே கதை. 24 கிலோவை மோட்டார் இல்லாமல் கால் பலத்தால் மட்டும் மேட்டில் மிதிப்பது என்னவென்று அன்று புரிந்தது.

குலுங்கும்போது வருவதால் பேட்டரிதான் ஆடுகிறது என்று முடிவுகட்டிவிட்டேன். தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்தேன். கூட்டுக்குள் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டினேன். பலனில்லை. மோட்டாரே போய்விட்டது என்று பயந்து, உத்தரவாதத் தாளைக்கூடத் தேடி எடுத்துவைத்தேன்.

மூன்றாவது வாரம்தான் கண்ணில் பட்டது: மோட்டார் நிற்கும்போது திரை அணையவில்லை, வேகம் மட்டும் 0 காட்டியது. பேட்டரித் தொடர்பு விட்டிருந்தால் திரையும் சேர்ந்தே அணைந்திருக்கும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின்சக்கரத்தைச் சுழற்றினேன். சக்கரக் கம்பியில் ஒரு சிறு காந்தம். சட்டத்தில் அதை எண்ணும் சென்சார். இடைவெளி 5 முதல் 17 மி.மீ.க்குள் இருக்கவேண்டும் என்கிறது கையேடு. என் காந்தமோ கம்பியில் சரிந்து, பக்கவாட்டில் திரும்பி, 20 மி.மீ.க்கு அப்பால் நின்றது. விரலால் தொட்டாலே ஆடியது. கோளாறு தொடங்குவதற்கு முந்தின வாரம் பஞ்சர் ஒட்டியபோது சக்கரத்தை அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் தூக்கியிருக்கிறேன் போல.

வேகம் தெரியாவிட்டால் வேக வரம்பில் உதவியை எப்போது நிறுத்துவது என்று மோட்டாருக்குத் தெரியாது. அதனால் உதவியையே நிறுத்திக்கொள்கிறது. காந்தத்தைச் சென்சாரின் கோட்டுக்கு நேராக, 10 மி.மீ. தள்ளி நிறுத்தித் திருகை இறுக்கினேன். இரண்டு நிமிட வேலை. மூன்று வாரமும் ரப்பர் பட்டையும் வீண். பட்டையை எடுக்கவில்லை, பேட்டரியின் கடகடச் சத்தமாவது போயிருக்கிறது.

780 கி.மீ.
செயின் அளவி 0.5 சதவீதத் தேய்மானம் காட்டுகிறது. பன்னிரண்டு கியர் செயினுக்கு இதுவே மாற்றும் நேரம். என் காலின் விசையும் மோட்டாரின் விசையும் ஒரே செயின் வழியாகப் போனால் இப்படித்தான். மேட்டில் அழுத்தி மிதித்தபடியே கியர் மாற்றியதும் என் குற்றம்தான், ஒவ்வொரு தடவையும் ‘கடக்’ என்று எச்சரித்தது. புதுச் செயினைப் பழையதோடு பக்கத்தில் வைத்து, கண்ணி எண்ணி வெட்டி மாட்டியாகிவிட்டது. பற்சக்கரம் பழையதுதான், அழுத்தி மிதித்துப் பார்த்தேன், வழுக்கவில்லை.