மாட்ரிட்டில் ஒரு சிறு கேடயத்தைத் தேடி

மாட்ரிட் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஓவியக் கூடங்களுக்குத்தான் போவார்கள். நான் போனது செர்ரானோ தெருவில் இருக்கும் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு. சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் அங்கே கட்டணம் கிடையாது. கூட்டமெல்லாம் 1897-ல் கிடைத்த எல்சே சீமாட்டி சிலையைச் சுற்றியே நின்றது. அந்தக் கல்முகத்தை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், நானும் கொஞ்ச நேரம் நின்றேன். ஆனால் நான் தேடி வந்தது ஒசுனா கற்களை.

ஒசுனா, தென் ஸ்பெயினில் செவிய்யா நகருக்குக் கிழக்கே இருக்கும் ஊர். சீசர் காலத்து உள்நாட்டுப் போரில் அவசர அவசரமாக எழுப்பிய மதிலுக்கு, பழைய கட்டடங்களின் சிற்பக் கற்களைப் பெயர்த்து வைத்துக் கட்டிவிட்டார்கள். 1903-ல் தோண்டியெடுத்தபோது அவை பாரிஸுக்குப் போயின, 1941-ல்தான் திரும்பி வந்தன. அந்தக் கற்களில் ஒரு வீரன் உடம்பின் பெரும்பகுதியை மறைக்கும் நீள்வட்டக் கேடயத்தோடு வருகிறான். இன்னொருவன் கையில் இருப்பதோ சின்ன வட்டக் கேடயம். முதலாவது ஸ்கூட்டம், இரண்டாவது கைட்ரா.

அந்தச் சின்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கல்லறைகளில் கிடைக்கும் கைட்ராக்களில் மரமும் தோலும் எப்போதோ மக்கிப்போய், இரும்புக் கைப்பிடிதான் மிஞ்சும். அந்தப் பிடி பல கேடயங்களில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நீள்வதால், அதை அளந்தே கேடயம் எவ்வளவு அகலம் என்று சொல்லிவிடுகிறார்கள். இன்றைய போர்ச்சுகல் பக்கத்தில் வாழ்ந்த லூசிதானியர்களின் கேடயம் இரண்டு அடி விட்டம், வாரில் தொங்கும் என்று எழுதுகிறார் பழைய கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ. இன்னொரு கிரேக்கர் டயோடோரஸ் சொல்வது இன்னும் அருமை: அதை அவர்கள் சுறுசுறுப்பாக அங்குமிங்கும் திருப்பி, பாய்ந்து வரும் ஈட்டிகளைத் தட்டிவிடுவார்களாம். கேடயம் என்றால் பின்னால் மறைந்துகொள்வது என்றே அதுவரை நினைத்திருந்தேன். இது கையோடு சேர்ந்து ஓடுகிற கேடயம்.

சரி, இப்படிப்பட்ட கேடயத்தை வைத்துக்கொண்டு தோளோடு தோள் ஒட்டி நின்றால் என்ன பயன்? ஆடிப் பிடிக்க இடம் வேண்டுமே. அதனால்தான் லூசிதானியர்கள் பரவி நின்றார்கள், பாய்ந்து அடித்தார்கள், நெருக்கினால் பின்வாங்கினார்கள். அதில் அவர்களுக்கு வெட்கமே இல்லை. கி.மு. 49-ல் இலெர்டாவில், அதாவது இன்றைய யெய்தாவில், எதிரணியில் இருந்த ரோமானியர்களே இந்த முறையைக் கற்றுக்கொண்டு சண்டை போட, தன் படை குழம்பிப்போனதை சீசரே எழுதி வைத்திருக்கிறார். அந்த ஊர்க் கைட்ரா வீரர்கள் காற்றடைத்த தோல்பை இல்லாமல் படைக்கு வரமாட்டார்கள், ஆறு குறுக்கே வந்தால் நீந்திவிடுவார்கள் என்றும் சொல்கிறார்.

ஆனால் ஐபீரியர், அதாவது அன்றைய ஸ்பெயின் மக்கள், என்றாலே சிதறி அடிப்பவர்கள் என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. கி.மு. 216, இத்தாலியில் கன்னே. ரோமை எதிர்த்து வந்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் தன் அணியின் நடுவில் கால் (Gaul) இனத்தவரையும் ஐபீரியர்களையும் பிரிவு பிரிவாக மாற்றி மாற்றி நிறுத்தி, எதிரியை நோக்கிப் புடைத்த பிறை போல வளைத்தார். ஐபீரியர்களிடம் இருந்தது பெரிய கேடயம், உடுத்தியிருந்தது ஊதாக் கரை போட்ட லினன் சட்டை. ரோமானியர்களின் மொத்த எடையும் இந்த நடு வரிசை மேல்தான் விழுந்தது. பிறை உள்வாங்க உள்வாங்க ரோமானியர்கள் உள்ளே வந்தார்கள், இரு பக்கமும் ஹன்னிபாலின் ஆப்பிரிக்கப் படை மூடியது. அந்த வெற்றிக்கு ஹன்னிபாலைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள், எனக்கோ அடி வாங்கிக்கொண்டே பின்னால் நகர்ந்த அந்த நடு வரிசைதான் பெரிதாகத் தெரிகிறது.

மறுநாள் ரயிலில் தெற்கே ஹயேன் நகருக்குப் போனேன், வழியில் மலைச்சரிவெல்லாம் ஆலிவ் மரங்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில், அந்தப் பக்கத்துப் போர்குனா ஊரில் கிடைத்த ஐபீரியச் சிற்பங்கள் இருக்கின்றன. கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வேலை, பழங்காலத்திலேயே உடைத்துக் குழியில் புதைத்துவிட்டார்கள். 1975-ல் தொடங்கிய அகழாய்வில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கால் இல்லை, தலை இல்லை, ஆனால் நெஞ்சில் கட்டிய வட்டத் தகடும் அதன் வாரும் அவ்வளவு துல்லியம். அதில் ஒரு வீரன் குதிரையிலிருந்து இறங்கி, கீழே கிடக்கும் எதிரியின் உடலில் ஈட்டியைப் பாய்ச்சுகிறான், முனை முதுகு வழியே வெளியே வந்திருக்கிறது. குதிரைவீரர்களும் இறங்கி நின்று சண்டை போடுவார்கள் என்று நடு ஸ்பெயினில் வாழ்ந்த கெல்டிபீரியர்களைப் பற்றி டயோடோரஸ் எழுதியதை முந்தின நாள்தான் படித்திருந்தேன். சிற்பத்தில் அவனுக்குப் பின்னால் குதிரை நிற்கிறது.